கூண்டில் தொங்கிய சிவப்பு அட்டை

பக்கத்து வீட்டு அண்ணன் மூடிய எதையும் இன்னொருவர் திறந்துவிடக் கூடாது. இன்னொருவர் மூடியதை அவரும் திறக்க மாட்டார். ஊறுகாய் ஜாடியானாலும் அப்படித்தான், கேஸ் சிலிண்டர் வால்வானாலும் அப்படித்தான். "மாட்டினவன்தான் கழட்டணும்மா" என்பார், எதற்கெடுத்தாலும். நாங்கள் அந்த குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த புதிதில் எனக்கு அது சிரிப்பாக இருந்தது. மனுஷனுக்கு ஏதோ கழன்றுவிட்டது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அவருக்கு அனல்மின் நிலையத்தில் வேலை, அண்ணனுக்கு சுரங்கத்தில். கரி சுமந்து ஓடுகிற கன்வேயர் பெல்ட்டைப் பழுது பார்க்கிற ஃபிட்டர் அவர். பெல்ட்டுக்கு அடியில் ஆள் நுழையுமுன் சுவிட்சை அணைத்து, அதில் தன் பேர் எழுதிய சிவப்பு அட்டையை மாட்டிவிட்டுத்தான் நுழைய வேண்டும். வெளியே வந்ததும் அவரே தன் கையால் கழற்ற வேண்டும். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. "அந்த அட்டைதான்டி உள்ள இருக்கிறவன் உசுரு" என்றார் என் வீட்டுக்காரர். அதற்குப் பிறகு சிரிப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

அண்ணன் சொன்ன கதை ஒன்று உண்டு. கூட வேலை பார்த்த ஒருவர் ஷிப்டு முடிந்த அவசரத்தில் தன் அட்டையைக் கழற்றாமலே பஸ் ஏறிப் போய்விட்டாராம். அன்றைக்கு முத்தாண்டிக்குப்பத்தில் அவர் தங்கை குழந்தைக்குக் காதுகுத்து. உள்ளே யாரும் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். "எடுத்துப் போட்டுட்டு ஓட்டுங்கப்பா" என்று நாலு பேர் சொன்னார்கள். அண்ணன் யாரையும் சுவிட்சுப் பக்கம் நெருங்கவிடவில்லை. மொபெட்டை எடுத்துக்கொண்டு முத்தாண்டிக்குப்பம் போய், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தாய்மாமனை மாலையும் கழுத்துமாக அழைத்து வந்து, கழற்ற வைத்து, திரும்பக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

"குழந்தைக்கு நல்ல நேரம் தப்பிப் போச்சாண்ணே?" என்று கேட்டேன்.

"காது எங்கம்மா போயிடப் போவுது? அங்கயேதான் இருந்துகினு இருந்துச்சு" என்றார். அவர் ஊர் சேத்தியாத்தோப்புப் பக்கம். முப்பது வருஷம் டவுன்ஷிப்பில் இருந்தும் பேச்சு மாறவில்லை.

ஒருநாள் என் கொடிக்கம்பி அறுந்து, துவைத்த துணியெல்லாம் மண்ணில் விழுந்து கிடந்தது. நானே முறுக்கிக் கட்டினேன். நான் பிறவியிலேயே இடதுகைக்காரி. அந்தக் கையால் சோறு பரிமாறினேன் என்று அம்மாவிடம் வாங்கிய அடி கொஞ்சமில்லை. அண்ணன் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "எல்லாரும் இந்தப் பக்கம் முறுக்கினா நீ எதிர்ப்பக்கம் முறுக்குற. எந்தக் கம்பியக் காட்டினாலும் இது நீ கட்டினதுன்னு சொல்லிடுவம்மா" என்றார். அவிழ்த்துச் சரியாகக் கட்டித் தாருங்கள் என்றேன். "நீ கட்டினத நீயே அவுத்துடு. அப்பறமா நான் கட்டித் தர்றன்." அவிழ்க்கும்வரை நின்றுகொண்டே இருந்தார். இந்த மனுஷனோடு அண்ணி எப்படித்தான் குடித்தனம் நடத்தினாரோ என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணி இறந்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று பூட்டிய பீரோ பூட்டியபடியே இருந்தது. சாவி ஆணியில் தொங்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று அண்ணனைக் கேட்டால், "அவளோட பொடவைங்க இருக்கும். அவதான பூட்டினா" என்பார். அதற்குமேல் கேட்க என் நீள வாய்க்கே தைரியம் வரவில்லை.

அவர் ரிட்டையர் ஆக மூன்று மாதம் இருக்கும்போதுதான் பூனை வந்தது. முதல் ஷிப்டுக்குக் கிளம்பிப் போனவர் ஏழு மணிக்கே துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு திரும்பி வந்தார். லீவே போடாத மனுஷன். என்னமோ ஏதோ என்று ஓடினேன். துண்டுக்குள் ஒரு சாம்பல் நிறப் பூனை, ஆறு மாதக் குட்டி இருக்கும். பஸ் ஸ்டாப்பில் எவனோ பைக்கில் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டான். முன்னங்கால்களால் மண்ணைப் பிறாண்டி நகரப் பார்த்ததாம். பின்பக்கம் அதனுடையதே இல்லாததுபோலத் தொங்கியது. கத்தக்கூட இல்லை. வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

வலிக்குப் பாதி பாரசிட்டமால் கரைத்துக் கொடுக்கலாம் என்றேன் நான், பெரிய டாக்டர் மாதிரி. நல்லவேளை, அண்ணன் கேட்கவில்லை. கூடையில் வைத்துக் கடலூருக்கு பஸ் ஏறினோம். அங்கே இருந்த கால்நடை டாக்டரம்மா சின்னப் பெண். நான் பாரசிட்டமால் என்றதும் கையெடுத்துக் கும்பிட்டாள். "பூனைக்கு அது விஷம்ங்க. அரை மாத்திரையே கொன்னுடும்."

எக்ஸ்ரேயில் இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. "கால் எலும்பு தப்பிச்சிருக்கு. சின்ன வயசு, இடுப்பு தானாவே கூடிடும். ஆனா ஆறு வாரம் கூண்டுல இருக்கணும். ஏறக் கூடாது, குதிக்கக் கூடாது. வெலகிக் கோணலா கூடிச்சுன்னா உள்ள வழி குறுகிப் போயிடும். அப்புறம் ஆயுசுக்கும் வெளிக்குப் போறதே பெரும்பாடா ஆயிடும்" என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். ரிட்டையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஓசூரில் மகள் வீட்டுக்குப் போகப் போகிறார். மருமகனுக்கு ஆஸ்துமா, பூனையை அங்கே கொண்டுபோக முடியாது. "ஆறு வாரம் போனாலும் அதுக்கப்பறம் ஆறு வாரம் இருக்குதும்மா. நான் போறதுக்குள்ள அதுவா செவுரு ஏறிக் குதிச்சிருச்சின்னா போதும். யாரு தயவும் இல்லாம பொழச்சிக்கும்."

வீட்டுக்கு வந்ததும் தன் கொல்லைத் தாழ்வாரத்தில் கம்பிவலையால் கூண்டு செய்தார். மந்தாரக்குப்பம் பழைய சாமான் கடையில் வாங்கிய கன்வேயர் பெல்ட் துண்டைத் தரையாகப் போட்டு, மேலே பழைய வேட்டியை நாலாக மடித்து விரித்தார். கிண்ணம் நுழைகிற அளவுக்குக் கீழே ஒரு சந்து. கதவுக்குத் தாழ்ப்பாள், தாழ்ப்பாளில் கம்பி, கம்பியில் சிவப்பு அட்டை. அட்டையில் தன் பேர், தேதி, நேரம் எல்லாம் எழுதி, கீழே 'ஆள் உள்ளே. திறக்காதே' என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"பூனைக்குமாண்ணே?" என்று கேட்டேன்.

"உள்ள எலும்பு வேல செஞ்சிகினு இருக்குதும்மா" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

பேர் எதுவும் வைக்க மாட்டேன் என்றார். விட்டுப் போகப் போகிறவன் பேர் வைக்கக் கூடாதாம். நான் பேஷண்டு என்று கூப்பிட ஆரம்பித்தேன், அதுவே நிலைத்துவிட்டது. காலையில் அவர் கதவைத் திறந்து, மண் தட்டை மாற்றி, அதை மெதுவாகப் புரட்டிப் படுக்கவைப்பார். புண் வந்துவிடக் கூடாதென்று இடுப்பைத் தடவித் தடவிப் பார்ப்பார். முதல் வாரம் அதற்கு ஒன்றுக்கே போக வரவில்லை. டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தபடி அடிவயிற்றை லேசாக அமுக்கிவிடுவார். இரும்பு போல்ட்டைத் திருகித் திருகிக் காய்த்துப்போன கை. அதில் அது கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். அப்புறம் கம்பியைப் போட்டு மூன்று சுற்று முறுக்கி அட்டையை மாட்டிவிடுவார். அவர் இரண்டாம் ஷிப்டு போகும் வாரங்களில் சாயங்காலம் சந்து வழியாகச் சோறு வைப்பது என் வேலை. மீனை முள்ளெடுத்து, வேகவைத்த பரங்கிக்காயோடு மசித்து வைப்பேன். என் பிள்ளைகளுக்குக்கூட அத்தனை பொறுமையாக முள்ளெடுத்ததில்லை.

மூன்றாம் வாரம் பின்னங்காலை ஊன்றியது. நாலாம் வாரம் எழுந்து நின்றது, ஆடிக்கொண்டே. அண்ணன் என்னைக் கூப்பிட்டு மதிலுக்கு மேலாகக் காட்டினார். கண் கலங்கியிருந்தது. "பாத்தியாம்மா, நிக்குது" என்று மூன்று தடவை சொன்னார்.

ஐந்தாம் வாரம் அந்தச் சாயங்காலம் வந்தது. இனிமேல் எழுதுவதற்குக் கை வரமாட்டேன் என்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். நான் சோறு வைக்கப் போனேன். பேஷண்டு சாப்பிடவில்லை. கம்பியில் முகத்தைத் தேய்த்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தியது. ஒரு மாதமாக அடைந்து கிடக்கிறதே, ஐந்து நிமிஷம் மடியில் வைத்திருந்தால் என்ன ஆகிவிடும்? இந்த நினைப்புதான், வேறொன்றுமில்லை. கம்பியை அவிழ்த்தேன். அட்டையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். மடியில் சுருண்டு படுத்து, தொண்டைக்குள் கர்ரென்று சத்தம் போட்டது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அப்போது அனல்மின் நிலையத்தில் நீராவியைத் திறந்துவிட்டார்கள். இந்த ஊரில் அது அடிக்கடி நடப்பதுதான். காது கிழிகிற மாதிரி ஒரு இரைச்சல், பழகிப்போன நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டு அது அடங்கியதும் தொடர்வோம். பேஷண்டுக்கு யார் சொல்லித் தருவது? என் மடியைக் கிழித்துக்கொண்டு துணி துவைக்கிற கல் மேல் தாவியது, அங்கிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது. விழுந்து ஒரே ஒரு சத்தம் போட்டது. அடிபட்ட அன்றுகூட அது அப்படிக் கத்தவில்லை.

அள்ளியெடுத்து உள்ளே வைத்தேன். தாழ்ப்பாளைப் போட்டேன். அட்டையை மாட்டி, கம்பியை மூன்று சுற்று முறுக்கினேன். எல்லாம் பழையபடி இருந்தது. அப்படித்தான் நினைத்தேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அட்டையில கை வெச்சியா நீ? கழட்டினதே தப்பு, திரும்ப வேற மாட்டினியா? காலையில மொத வேலையா போய் சொல்லிடு" என்றார். சரி என்றேன்.

காலையில் நான் போகுமுன்பே அண்ணன் கூண்டுக்கு முன்னால் குந்தியிருந்தார். உள்ளே அது எழுந்திருக்கவில்லை. அவர் அதைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாராச்சும் தொறந்தீங்களாம்மா?"

"இல்லண்ணே" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயிலிருந்து தானாக வந்தது. வாய் நீளம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேனே, அந்த வாய்தான். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிம்மா" என்றார். உள்ளே போய் கட்டிங் பிளேயரை எடுத்து வந்து, கூண்டின் பின்பக்க வலையை மூன்று பக்கம் வெட்டி ஒரு வழி செய்தார். அந்த வழியாகப் பூனையை வெளியே எடுத்தார்.

"எதுக்குண்ணே வெட்டுறீங்க?"

"பின்னாடி ஒரு வழி இருக்கட்டும்மா" என்றார்.

அன்றைக்கும் கடலூருக்கு நானும் கூடப் போனேன். போகாமலிருக்க முடியுமா? டாக்டரம்மா எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கூடிக்கினு வந்தது வெலகிப் போச்சே. எங்கிருந்தாவது குதிச்சிச்சா?" என்று கேட்டாள்.

அண்ணன் கூடையின் பிடியைத் தடவிக்கொண்டே, "நாந்தாங்க சரியா பாத்துக்கல. எங் கவனம் தப்பிடுச்சி" என்றார். அந்தப் பெண் அவரைத் திட்டினாள். வயதில் பெரியவர் என்றுகூடப் பார்க்காமல் திட்டினாள். அவர் தலையைத் தலையை ஆட்டினார். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாளே கேட்டு வாங்கி, பகலில் மட்டும் வேலையுள்ள ஜெனரல் ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். "நீ செரமப்படாதம்மா, நான் பாத்துக்கறன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லி அழுதிருப்பேன். அன்பாகத்தான் சொன்னார். அதனால் நான் அந்தக் கூண்டுப் பக்கமே போகவில்லை. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று, சாப்பிட்டதாண்ணே, தூங்குதாண்ணே என்று கேட்பதோடு சரி. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பேன். நாள் போகப் போகப் பொய் கெட்டிப்பட்டுவிட்டது.

எலும்பு கூடியது. கோணலாகத்தான் கூடியது. கூண்டைவிட்டு வந்த பேஷண்டு இடுப்பை ஒருபக்கம் ஒடித்து ஒடித்து நடந்தது. அவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பு அது மதில் ஏறப் பார்த்தது. மூன்று தடவை தாவி, மூன்று தடவையும் பாதியில் சறுக்கி விழுந்தது. நாலாவது தடவை தாவவில்லை, மதிலை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டது. அவர் குனிந்து அதன் தலையைத் தடவினார். நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என்னைப்போல் பாவி யாரும் இருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. அப்போதும் போய்ச் சொல்லவில்லை.

லாரி வந்த அன்று அண்ணியின் பீரோவைப் பூட்டியபடியே ஏற்றினார்கள். மகள், "அப்பா, தொறந்து துணியெல்லாம் எடுத்துட்டா தூக்குறவங்களுக்கு லேசா இருக்கும்ல?" என்றாள். "அப்பிடியே ஏத்துங்க" என்றார். பேஷண்டை என் கையில் கொடுத்தார். தினமும் பரங்கிக்காய் மசித்துக் கொடுக்க வேண்டும், இரண்டு நாள் வெளிக்குப் போகாவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அப்புறம் கூண்டைத் தானே தூக்கிவந்து என் கொல்லையில் வைத்தார்.

"இதயும் நீயே வச்சிக்கம்மா. அட்டை அப்பிடியேதான் இருக்குது" என்றார்.

"சரிண்ணே" என்றேன்.

கொஞ்ச நேரம் நின்றார். நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று நின்றார் என்பது இப்போது புரிகிறது. லாரிக்காரன் ஹாரன் அடித்ததும் போய் ஏறிக்கொண்டார்.

ஓசூரிலிருந்து வீடியோ காலில் கூப்பிடுவார். பூனையைக் காட்டச் சொல்வார். "கூண்ட எடுத்துப் பாத்தியாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். "கொல்லையில தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்கேண்ணே, பத்திரமா இருக்கு" என்றேன் இரண்டு தடவையும். மூன்றாவது தடவை கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்து அவர் மகள்தான் கூப்பிட்டாள். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். பீரோ அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பூட்டியபடியே நின்றுகொண்டிருந்தது.

போன வாரம் பேஷண்டு மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை. டாக்டரம்மா எனிமா கொடுத்து அனுப்பினாள், இரண்டு நாள் ஓடவிடாமல் அடைத்து வைக்கச் சொன்னாள். கொல்லைக்குப் போய்த் தார்ப்பாயை விலக்கினேன். அட்டை ஈரத்தில் ஊறி வெளுத்து, சிவப்பு நிறமே தெரியாமல் போயிருந்தது. அவர் பேர் மட்டும் பேனா மையில் மங்கலாகத் தெரிந்தது. கழற்றுவதற்குக் கம்பியில் கை வைத்தேன்.

எதிர்ப்பக்கமாக முறுக்கியிருந்தது. மூன்று சுற்று.

என் முறுக்கு. அன்றைக்குச் சாயங்காலம் நான் முறுக்கியது. அதற்குப் பிறகு எத்தனை வாரம் அந்தக் கூண்டில் பூனையை வைத்துப் பார்த்துக்கொண்டார்! ஒருநாள்கூட அதை அவிழ்க்கவில்லை. கதவு இருந்தும் பின்பக்கத்தை வெட்டி வழி செய்துகொண்டு, அந்தச் சின்ன ஓட்டைக்குள் கையைவிட்டு மண் மாற்றி, சோறு வைத்து, புரட்டிப் படுக்கவைத்திருக்கிறார். வெட்டிய வலையின் முனைகள் கையைக் கிழிக்காமல் இருந்திருக்குமா? "இல்லண்ணே" என்று நான் சொன்ன அந்தக் காலையிலேயே அவருக்கு எல்லாம் தெரியும். அட்டை அவருடையதுதான், ஆனால் மாட்டியது நான். நானாக வந்து கழற்றுவேன் என்று காத்திருந்திருக்கிறார்.

கூடையில் கிடந்த பேஷண்டு கத்தத் தொடங்கியது. இடது கையால் கம்பியை அவிழ்த்தேன். துரு ஏறியிருந்ததால் கடைசிச் சுற்றில் முறிந்து கையோடு வந்துவிட்டது.

"நான்தாண்ணே கழட்டினேன்" என்றேன்.